வாறன் என்ற சொல்

தற்காலிகம் என்ற சொல்லோடு எமில்டா ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புப் புதுப்பிப்பு. பதினெட்டாவது புதுப்பிப்பு போன மாதம்தான் முடிந்தது. அவளுடைய மகள் மெலனிக்கு இந்த ஊரில்தான் பால்பல் விழுந்தது, இந்த ஊரில்தான் முளைத்தது. இப்போது தாதிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அவளுடைய பாடசாலைச் சான்றிதழ்கள் எல்லாம் நிரந்தரமானவை. பிள்ளை மட்டும் தற்காலிகம்.

வடக்கே ஹெல்வோர் என்ற அந்தத் துறைமுக நகரத்தில் மன்னார்க் கரையிலிருந்து வந்தவர்கள் முந்நூற்றிச் சொச்சம் பேர் இருந்தார்கள். இரண்டு பெரிய நாடுகள் தங்கள் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள மன்னார்க் கடலைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் கண்ணிவெடிகளைக் கொட்டியபோது கிளம்பி வந்தவர்கள். எமில்டா ஊரில் தமிழ் டீச்சர். இங்கே பாதுகாப்புப் பணியகத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, சனங்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பவள். அன்றைக்குக் காலையிலேயே அவளுக்கு அலுப்பாக இருந்தது. அலுப்பு இல்லாத காலை எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

முதலாவதாக வந்தவர் றெஜிஸ். ஐம்பத்தேழு வயது, ஊரில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர், இங்கே மீன் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு, ஒரு கடைப் பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், இதில கடைசியில 'இனிய பயணம்' எண்டு போட்டிருக்கு. நான் எங்கயும் பயணம் போறதா இல்லையே."

எமில்டா வாசித்தாள். மிகவும் மரியாதையான கடிதம். திரு. றெஜிஸ் தாயகம் திரும்பும் விருப்பத்தைத் தொடர்ந்து வெளிப்படுத்தி வருவதால் அவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று பணியகம் மகிழ்ச்சியோடு முடிவு செய்திருக்கிறது. பன்னிரண்டு நாளில் விமானம்.

"உங்கட எண் எண்பத்து மூண்டு அண்ணை," என்றாள்.

"அறுபதைத் தாண்டக் கூடாதெல்லோ?"

"தாண்டக் கூடாது."

அந்த எண்தான் அவர்கள் எல்லோருடைய தலையெழுத்தும். முதலில் மனிதர்கள்தான் இவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். ஆட்கள் பெருகவே, 'செவி' என்ற இயந்திரம் வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டி கட்டினார்கள். கட்டியவர் பேசுவதை மட்டும் அது கேட்கும். பேச்சை வைத்து, இவருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் எவ்வளவு என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். அறுபதுக்கு மேல் போனால், போக ஆசைப்படுகிறார் என்று அனுப்பிவிடுவார்கள். முப்பதுக்குக் கீழே இறங்கினால், இங்கேயே குந்திவிட நினைக்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் தற்காலிகமானவர் அல்லர், குடியேற வந்தவர். குடியேறுகிறவர்கள் நாட்டுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். வெளியே என்றால் வேறு எது, மன்னார்தான். ஆக, போகவும் ஆசைப்படக் கூடாது, இருக்கவும் ஆசைப்படக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் ஒன்பது வருடம் எப்படி நிற்பான் என்று சட்டம் எழுதியவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான் திரும்பிப் போனா என்ன நடக்கும் எண்டு இவைக்குத் தெரியாதோ?" என்றார் றெஜிஸ். "அறுபது வயசுக்குக் கீழ இருக்கிற ஆம்பிளையளைக் கரைக்காவல்காரர் கடலுக்குள்ள கிடக்கிற கண்ணிவெடி கிளப்பப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள். என்ர தம்பி அந்தோனி அதிலதானே போனவன். எனக்கு இன்னும் ரெண்டரை வருசம் கிடக்கு. கிளாறாவும் அதைத்தான் சொல்லுறவள். அறுபது முடிஞ்சு வாங்கோ, அதுக்கு முந்தி இந்தப் பக்கம் தலையைக் காட்டாதேங்கோ எண்டு."

கிளாறா அவருடைய மனைவி. படுக்கையில் கிடந்த தாயை விட்டுவிட்டு வர முடியாமல் ஊரிலேயே நின்றுவிட்டவள்.

"வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தினை தரம் கதைக்கிறியள்?"

"நாலஞ்சு தரம். லைன் அறுந்து அறுந்து போகும். திருப்பி எடுக்கிறது."

எமில்டா மேசையில் இருந்த திரையின் பக்கம் திரும்பினாள். அந்தத் திரைக்குள் செவி இருந்தது. சனங்கள் அதைக் காது என்பார்கள். காது என்ன சொல்லுது, காதுக்குக் கேட்டிடப் போகுது என்று பகிடியும் விடுவார்கள். அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது எமில்டாதான் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். வந்த புதிதில், முகாமில் இருந்தபோது, நாலாயிரம் சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் பொருள் குறித்துக் கொடுத்தவள் அவள். அதனால் அந்த இயந்திரம் மன்னார்த் தமிழ்தான் பேசியது. சில வேளை ஒரு வசனத்தை முடிக்கும் விதத்தில் எமில்டாவின் சாயலே இருக்கும். அது அவளுக்குப் பிடிப்பதில்லை.

"செவி, இவருக்கு எப்பிடி எண்பத்து மூண்டு வந்தது?"

"ஒவ்வொரு அழைப்பின்ர முடிவிலயும் மனுசிக்குத் திரும்பி வாறதாச் சொல்லுறார், டீச்சர். ஆறு மாசத்தில எழுநூற்றிப் பன்னிரண்டு தரம்."

"நான் எப்ப சொன்னனான்?" என்றார் றெஜிஸ்.

செவி அவருடைய குரலையே போட்டுக் காட்டியது. 'சரியப்பா, அப்ப வாறன்.' அடுத்தது. 'வாறன், என்ன?' அடுத்தது. 'லைன் போகப் போகுது, வாறன் வாறன்.'

எமில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டை விட்டு இறங்கும்போதும், கதையை முடிக்கும்போதும், கடையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் தமிழ்ச் சனம் முழுக்கச் சொல்வது அதுதானே.

"இது விடைபெறேக்க சொல்லுறது," என்றாள். "திரும்பி வாறதெண்டு கருத்தில்லை."

"அகராதியில 'திரும்பி வருதல்' எண்டு இருக்கு. குறிச்சது நீங்கள்தான், டீச்சர்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. சாய்வாக மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். முகாமின் தகரக் கூரை. மூவாயிரத்து எத்தனையாவதோ சொல். பட்டியலில் 'விடைபெறுதல்' என்றும் ஒரு கட்டம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வெளிக்கிடும்போது அவள் தன் தங்கைக்கு வாறன் என்று சொல்லிவிட்டு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன் திரும்பிப் போய்விடுவோம் என்று அன்றைக்கு மனதார நம்பியிருந்தாள். ஆகவே திரும்பி வருதல் என்று குறித்தாள். அன்றைக்கு அது பிழை இல்லை.

"இனிமேல் அவர் வேற சொல் பாவிச்சா எண் ஏறாது," என்றது செவி. உதவி செய்யும் எண்ணத்தோடுதான் சொன்னது. "'போறன்' எண்டு சொல்லலாம். கருத்துச் சரியா வரும்."

றெஜிஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை மட்டும் சொல்லாதை. வெடி விழுற இடத்தில இருக்கிறவளுக்கு நான் போறன் எண்டு சொல்லுறதோ?" குரல் உயரவில்லை. "அந்தோனி அண்டைக்கு அவசரத்தில வாய் தவறிப் 'போறன் மச்சாள்' எண்டுதான் கிளாறாவிட்டச் சொல்லிப்போட்டு இறங்கினவன். அவள் பின்னால ஓடினவள், திருப்பிச் சொல்லிப்போட்டுப் போடா எண்டு. அதுக்குள்ள அவங்கள் ஏத்திக்கொண்டு போட்டாங்கள். ரெண்டாம் நாள் அவன்ர சாமான் மட்டும்தான் வந்தது. அவளுக்கு நான் அந்தச் சொல்லைச் சொன்னா, அவள் அதிலேயே முடிஞ்சுபோவாள்."

"இனிச் சொன்னாலும் பிரயோசனம் இல்லை அண்ணை," என்றாள் எமில்டா. "இது கழிஞ்ச ஆறு மாசக் கதைக்குப் போட்ட எண்."

ஒரே வழிதான் இருந்தது. அகராதியைத் திருத்துவது. குறித்தவரும், பாதிக்கப்பட்டவரும் இரண்டு பேருமாகக் கையெழுத்து வைத்தால் திருத்தலாம்.

"அப்ப அந்தச் சொல்லுக்கு என்ன கருத்துப் போட, டீச்சர்?" என்று செவி கேட்டது.

"ஒண்டும் போடாதை. அது சும்மா சொல்லுறது. கருத்தில்லை."

"கருத்தில்லை. உறுதியோ?"

"உறுதி," என்று சொல்லி எமில்டா கையெழுத்து வைத்தாள். றெஜிஸ் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினார்.

மூன்றாம் நாள் அவருடைய எண் நாற்பத்தேழுக்கு இறங்கியது. விமானம் ரத்து. றெஜிஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மீன் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல முந்தியே போய்விட்டார். எமில்டாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த அறையில் உட்கார்ந்து ஒருவரைக் காப்பாற்றியது இதுதான் முதல் தடவை. மீனைக் குழம்பு வைத்து மெலனியோடு இருந்து சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மெலனி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளைக்கு அந்த நாட்டு மொழி தண்ணீர் பட்ட பாடு. வாசித்துச் சொல்ல ஆள் தேவையில்லை.

"அம்மா, உங்கட எண் பதினாலாம். நாங்கள் குடியேற வந்த ஆக்களாம். அறுபது நாளில வெளிக்கிட்டு, வெளியில இருந்து விண்ணப்பம் போடட்டாம்." கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "எனக்குப் புரட்டாதியில வகுப்புத் தொடங்குது."

எமில்டா கோட்டை மாட்டிக்கொண்டு பணியகத்துக்குத் திரும்பி ஓடினாள். வாசலில் ஏற்கெனவே இருபது பேர் நின்றார்கள், கையில் கடிதத்தோடு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"செவி, என்ன செய்தனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான், டீச்சர். வாறனுக்குக் கருத்தில்லை எண்டு எல்லாற்ற கணக்கிலயும் எடுத்திட்டன்."

"எல்லாற்றயும் எதுக்கு? அது றெஜிஸ் அண்ணைக்கு."

"ஒரு ஆளுக்கு ஒரு அகராதி வைக்கேலாது. ஒரு சொல்லுக்கு எல்லாருக்கும் ஒரே கருத்துத்தான்."

அவள் கதிரையில் இருந்தாள். பாவி, ஒரே ஒரு கோப்பைத்தான் பார்த்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அந்த ஒரு சொல்லை எடுத்தா இவ்வளவு இறங்குமோ?"

"எடுத்தாப் பிறகு மிச்சம் ஒண்டும் இருக்கேல்ல, டீச்சர். உங்கட ஆக்கள் முதல் மூண்டு வருசம் திரும்பிப் போறதைப் பற்றி நல்லாக் கதைச்சவை. பிறகு குறைஞ்சுபோச்சு. இப்ப றெஜிஸைத் தவிர ஒருத்தரும் கதைக்கிறேல்ல."

"நானும் இல்லையோ?"

"நீங்கள் கடைசியாக் கதைச்சது அஞ்சு வருசத்துக்கு முதல். கிணத்துக்கு மூடி போட்டதோ எண்டு தங்கச்சியிட்டக் கேட்டனீங்கள். அதுக்குப் பிறகு திரைச்சீலை, மகளின்ர படிப்பு, முழங்கால் நோ. பிறகு ஒவ்வொரு நாளும், வாறன்."

எமில்டாவுக்கு அவமானமாக இருந்தது. ஊரை மறந்துவிட்டாய் என்று யாராவது மனிதர் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இது ஒன்பது வருடம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த காது. இதோடு என்ன சண்டை பிடிப்பது. அவளும் மற்றவர்களும் என்றைக்கோ இந்த ஊரில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமலேயே அந்த ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு நாளும் மன்னாருக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"திருத்தத்தை வாபஸ் வாங்கலாமோ?"

"பத்து நாளுக்குள்ள வாங்கலாம். ரெண்டு பேரும் திருப்பிக் கையெழுத்து வைக்கவேணும். வைச்சா எல்லாற்ற எண்ணும் பழையபடி வரும்."

"எல்லாற்றயும்."

"ஓம். றெஜிஸின்ரயும்."

பத்தில் ஐந்து நாள் போய்விட்டது. மிச்ச ஐந்தில் மூன்றை எமில்டா ஒன்றும் செய்யாமல் கழித்தாள். இரண்டு தடவை றெஜிஸின் தொலைபேசி எண்ணை அழுத்திவிட்டு மணி அடிக்க முன் நிறுத்தினாள். என்ன என்று கேட்பது? எங்கள் முந்நூறு பேருக்காக நீங்கள் போய்க் கடலில் இறங்குங்கள் என்றா? பணியகத்துக்கு மூன்று மனு எழுதினாள். மூன்றுக்கும் செவியே பதில் போட்டது, அவளுடைய சாயலிலேயே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரியும்போது சனங்கள் வழக்கம்போல வாறம், வாறம் என்றார்கள். சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் வேண்டுமென்றே பட்டிக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய், "நாங்கள் எல்லாரும் ஊருக்குப் போகத்தான் போறம்," என்று உரத்துச் சொன்னார்கள். அது இனி அடுத்த ஆறு மாதக் கணக்கில்தான் ஏறும். றெஜிஸ் மண்டபத்தின் மூலையில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் அவருக்குக் கிட்டப் போகவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவராகவே வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்தத் தாளில என்ர கையெழுத்தும் வேணுமாம் எண்டு கேள்விப்பட்டன்."

எமில்டா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உங்களைக் கேக்கேல்ல அண்ணை."

"ஓம். நீங்கள் கேக்கேல்லைத்தான்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நேற்றுக் கிளாறாவோட கதைச்சனான். எல்லாத்தையும் சொன்னன். இவ்வளவு நாளும் அறுபது, அறுபது எண்டு நிண்டவள். நேற்று அந்தக் கதையே எடுக்கேல்ல. 'அப்ப வாங்கோ' எண்டாள். அவ்வளவுதான்."

"வெடி கிளப்பப் பிடிப்பாங்கள்."

"பிடிப்பாங்கள். எனக்குக் கடல் தெரியும். அந்தோனிக்கு அவ்வளவு தெரியாது; அவன் டிராக்டர் ஓடினவன்." இதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். பிறகு திரையைச் சுட்டிக் காட்டினார். "இன்னொண்டு, டீச்சர். இந்தக் காது என்னைப் பிழையாக் கேக்கேல்ல. நான் அவளுக்கு வாறன் எண்டு சொன்ன ஒவ்வொரு தரமும், வாறன் எண்டுதான் சொன்னனான். அண்டைக்கு நீங்கள் அதுக்குக் கருத்தில்லை எண்டு சொல்லேக்க எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. பயத்தில கையெழுத்து வைச்சிட்டன்."

எமில்டா அழுதாள். முந்நூறு பேருக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் அண்ணை, போகாதேங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான் என்றும் அவளுக்குத் தெரியும். மெலனிக்குப் புரட்டாதியில் வகுப்புத் தொடங்குகிறது. அவள் சொல்லவில்லை. தாளைத் திருப்பி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வாறனுக்கு என்ன கருத்துப் போட?" என்று செவி கேட்டது.

"திரும்பி வருதல்," என்றார் றெஜிஸ்.

"உறுதியோ, டீச்சர்?"

"உறுதி," என்றாள் எமில்டா. போன தடவை சொன்ன அதே குரல்தான்.

இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக மாறின. எமில்டா நாற்பத்தொன்று. மெலனி முப்பத்தாறு. றெஜிஸ் பழையபடி எண்பத்து மூன்று. வெளியே ஒரு பெண் கடிதத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள்.

றெஜிஸ் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார். கடைப் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கதவு வரைக்கும் போய், பிடியில் கையை வைத்தபடி நின்றார். எமில்டா காத்திருந்தாள். ஒன்பது வருடமாக அந்தக் கதவடியில் நின்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகும் சொல்லுக்காகத்தான். 'வாங்கோ அண்ணை' என்ற பதில் அவளுடைய நாக்கில் தயாராக இருந்தது.

"போறன், தங்கச்சி," என்றார் றெஜிஸ்.

வாய் தவறவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வெளியே நின்றவர்களுக்கு வழி விட்டுக்கொண்டே இறங்கிப் போனார்.

எமில்டா எழுந்து நின்றாள். கிளாறா ஓடியதுபோலப் பின்னால் ஓட வேண்டும், திருப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் வாறன் என்ற சொல்லை அவர் இனி இந்த ஊரில் யாருக்கும் சொல்லப் போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது. அதை அவர் ஒரே ஆளுக்கென்று வைத்துக்கொண்டுவிட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள். அவருடைய எண் அசையவில்லை. அகராதியில் போறனுக்குப் புள்ளி எதுவும் கிடையாது. அதைக் குறித்ததும் அவள்தான்.

"அடுத்த ஆளைக் கூப்பிடட்டோ, டீச்சர்?" என்று செவி கேட்டது.